அந்த 4 சதவீதம் எங்கே போச்சு?

வாசகர் கடிதத்தின் சாரம்: "எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கணக்குப் பாடத்தில் ஒரு கேள்வி. ஒரு செவ்வகத்தின் நீளத்தை 20 சதவீதம் கூட்டி, அகலத்தை 20 சதவீதம் குறைத்தால் பரப்பளவு என்ன ஆகும்? யோசிக்காமல் 'மாறாது' என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் '4 சதவீதம் குறையும்' என்று விடை இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், குறையத்தான் செய்கிறது. ஆனால் 'அந்த 4 எங்கேப்பா போச்சு?' என்று அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. சுற்றளவு மாறாமல் இருந்தால் பரப்பளவும் மாறாது என்று அவளிடம் வாதாடினேன், அதையும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னொன்று, 43 அங்குல டிவிக்குப் பதில் 55 அங்குலம் வாங்கினால் திரை கால் பங்குக்குச் சற்று மேல் பெரிதாகும், அவ்வளவுதானே? அதற்கும் இல்லை என்கிறாள்."

வணக்கம். மூன்றிலும் உங்கள் மகள் சொல்வதுதான் சரி. இதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம், இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், வருடம் தவறாமல் இதே பதிலைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகளிடமிருந்தும்கூட. ஒரு தடவை ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் இதே கேள்வியைத் திடீரென்று கேட்டபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முதல் ஆளாக "மாறாது" என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டார். 20 ஏறி 20 இறங்கினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம் என்று மனசு சொல்கிறது, கூட்டல் கழித்தலில் ஊறிய மனசு வேறு எப்படிச் சொல்லும்?

உங்கள் மகள் கேட்ட கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எவ்வளவு குறைந்தது என்று கேட்டிருந்தால் பெருக்கிப் பார்த்துச் சொல்லிவிடலாம். அவள் எங்கே என்று கேட்கிறாள். அதற்குச் சூத்திரம் உதவாது, கத்தரிக்கோல் வேண்டும். கட்டம் போட்ட தாளில் 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் என்று ஒரு செவ்வகம் வெட்டிக்கொள்ளுங்கள். பரப்பளவு 200 சதுர செ.மீ. நீளத்தை 20 சதவீதம் கூட்டுவது என்றால் 4 செ.மீ. கூட்டுவது, அதாவது வலது பக்கத்தில் 4 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள ஒரு பட்டையை ஒட்டுவது. அந்தப் பட்டையை வேறு நிறத் தாளில் வெட்டுங்கள், அப்போதுதான் அப்புறம் நடப்பது கண்ணுக்குத் தெரியும். பட்டையின் பரப்பு 40, இப்போது மொத்தம் 240.

இனி அகலத்தை 20 சதவீதம் குறைக்க வேண்டும், அதாவது மேலே 2 செ.மீ. வெட்ட வேண்டும். வெட்டும்போது கவனியுங்கள், கத்தரி எங்கிருந்து எதுவரை போகிறது? பழைய 20 செ.மீ. ஓரத்தோடு நிற்காமல், நீங்கள் ஒட்டிய நிறத் தாளையும் சேர்த்து 24 செ.மீ. போகிறது. வெட்டி விழுந்த பட்டை 24 × 2, ஆக 48. ஒட்டியது 40, வெட்டியது 48, நிகரமாகப் போனது 8. 200-இல் 8 என்றால் 4 சதவீதம். வெட்டிய பட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதன் வால் பக்கத்தில் 4 × 2 அளவில் ஒரு நிறத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் பரப்பு சரியாக 8. "எங்கேப்பா போச்சு" என்று அவள் கேட்டால் அந்தத் துண்டை அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

அவள் சும்மா விடுகிற ஆளாகத் தெரியவில்லை, "முதலில் அகலத்தை வெட்டிவிட்டு அப்புறம் நீளத்தை ஒட்டினால்?" என்று கேட்பாள். கேட்கட்டும். முதலில் 20 × 2 பட்டை போகும், அது 40. மீதி இருக்கும் தாளின் உயரம் 8 மட்டுமே, அதனால் ஒட்ட வேண்டிய பட்டை 4 × 8, அது 32. மறுபடியும் அதே 8 இடிக்கிறது. இந்த முறை அந்த மூலைத் துண்டை யாரும் வெட்டவில்லை, அது உண்டாகவே இல்லை. வரிசையை எப்படி மாற்றினாலும் முடிவு ஒன்றுதான், காரணம் மட்டும் வேறு மாதிரி தெரிகிறது. இதை ஒரு குழந்தை தன் கையால் செய்து பார்த்துவிட்டால் அதற்கப்புறம் சூத்திரத்தை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது என் அனுபவம்.

இரண்டு பக்கத்தையும் 20 சதவீதம் கூட்டினால் என்ன ஆகும்? 40 சதவீதம் என்று சொல்லத் தோன்றும். வலது பக்கப் பட்டை 40, மேல் பக்கப் பட்டையும் 40, ஆனால் இந்த இரண்டு பட்டையையும் ஒட்டியபின் வலது மேல் மூலையில் 4 × 2 அளவில் ஒரு பள்ளம் காலியாக நிற்கும். அதையும் நிரப்பினால்தான் உருவம் செவ்வகமாகும். 40, 40, 8, மொத்தம் 88 கூடி 288 ஆகிறது, 44 சதவீதம். இரண்டு பக்கத்தையும் 20 சதவீதம் குறைத்தால் 16 × 8, அது 128, குறைவு 36 சதவீதம். இங்கே ஏன் 40-க்குக் குறைவு? வலது பட்டையைக் கணக்கெடுக்கும்போதும் மேல் பட்டையைக் கணக்கெடுக்கும்போதும் அந்த மூலைத் துண்டை இரண்டு தடவை எண்ணிவிடுகிறோம், வெட்டுவது என்னவோ ஒரு தடவைதான்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை ஒரு குறுக்குவழியாக மனப்பாடம் செய்வார்கள். இரண்டு சதவீதங்களையும் கூட்டு, அவற்றைப் பெருக்கி நூறால் வகுத்ததையும் அதோடு சேர், குறைவு என்றால் கழித்தல் குறி போடு. வேலை செய்யும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த "பெருக்கி நூறால் வகுத்தது" என்ன என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முழிப்பார்கள். உங்கள் மேசையில் கிடக்கும் அந்த நிறத் துண்டுதான் அது.

மாற்றம் சின்னதாக இருந்தால் இந்த மூலைத் துண்டு கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் கூட்டிச் சொல்வது தப்பு என்று அவள் நினைத்துக்கொள்வாள். நீளமும் அகலமும் 1 சதவீதம் கூடினால் பரப்பளவு 2.01 சதவீதம் கூடும், அந்த 0.01-ஐ யார் பார்க்கப் போகிறார்கள்? நுண்கணிதத்தில் இரண்டு எண்களின் பெருக்கல் எப்படி மாறுகிறது என்று சொல்லும் விதியே இந்த மூலையைத் தள்ளிவிடுவதில்தான் நிற்கிறது. அதை எப்படி நியாயமாகத் தள்ளுவது என்று பெரிய ஆட்களே சண்டை போட்டிருக்கிறார்கள். நியூட்டன் ஒரு தந்திரம் செய்தார், பக்கங்களை முழுசாகக் கூட்டாமல், கூட்ட வேண்டிய அளவில் பாதியைக் குறைத்து ஒரு செவ்வகம், அதே பாதியைக் கூட்டி ஒரு செவ்வகம் என்று எடுத்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். நம்முடைய தாளிலேயே செய்து பார்க்கலாம். 22 × 11 என்றால் 242, 18 × 9 என்றால் 162, வித்தியாசம் சரியாக 80. மூலையின் 8 மாயமாகிவிட்டது! 1734-இல் பெர்க்லி என்ற தத்துவ அறிஞர் இதைப் பிடித்துக்கொண்டார். செவ்வகத்தை இருக்கிற அளவிலிருந்து பெரிதாக்குவதுதான் நேர் வழி, பாதியிலிருந்து தொடங்கினால் மூலை மறையத்தான் செய்யும் என்று ஒரு பிடி பிடித்தார். எனக்கென்னவோ பெர்க்லி பக்கம்தான் நியாயம் என்று படுகிறது, ஆனால் எட்டாம் வகுப்புக்கு இது வேண்டாம், உங்களுக்காகச் சொன்னேன்.

இனி சதவீதத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். மடங்காக யோசித்தால் குழப்பமே வராது. 20 சதவீதம் கூடினால் 1.2 மடங்கு, 20 சதவீதம் குறைந்தால் 0.8 மடங்கு, பரப்பளவு 1.2 × 0.8, ஆக 0.96 மடங்கு. ஒரு பக்கம் மட்டும் மாறினால் பரப்பளவும் அதே மடங்குதான் மாறும், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் இரண்டு மடங்கானால் பரப்பளவு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது. சுற்றளவோ வெறும் இரண்டு, மூன்று மடங்குதான். ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. இருக்க, ஒரு சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் சதுர செ.மீ. ஏன் என்பதற்கும் இதுவே காரணம்.

இந்த இரண்டு மடங்கு, நான்கு மடங்குக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. பிளேட்டோ எழுதிய ஓர் உரையாடலில் சாக்ரடீஸ், கணக்கே படித்திராத ஓர் அடிமைச் சிறுவனிடம் 2 அடிப் பக்கமுள்ள சதுரத்தைக் காட்டி, இதைவிட இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறார். 4 அடி என்கிறான் பையன், தெம்பாக. 4 × 4 என்றால் 16, வேண்டியது 8. சரி, 3 அடி என்கிறான். அது 9, கிட்டே வந்துவிட்டான், ஆனாலும் இல்லை. கடைசியில் பழைய சதுரத்தின் மூலைவிட்டத்தையே பக்கமாக எடுத்துக்கொண்டால் சரியாக இரண்டு மடங்கு வரும் என்று காட்டுகிறார். மூலைவிட்டம் பக்கத்தைப் போல எத்தனை மடங்கு? 2-இன் வர்க்கமூலம், சுமார் 1.414.

இந்த எண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நகலெடுக்கும் இயந்திரத்தில் பெரிதாக்கும் பொத்தான்களில் 141 சதவீதம் என்று ஒன்று இருக்கும், குறைப்பதற்கு 71 சதவீதம். யாரோ குத்துமதிப்பாகப் போட்ட எண்கள் மாதிரி தெரியும். ஏ4 தாள் 210 × 297 மி.மீ., ஏ3 தாள் 297 × 420. பரப்பில் ஏ3 இரண்டு மடங்கு, பக்கத்தில் 1.41 மடங்கு. பாதியாக மடித்தாலும் உருவம் மாறாத தாள் வேண்டுமானால் நீளத்துக்கும் அகலத்துக்கும் இடையில் இந்த விகிதம்தான் வர வேண்டும் என்று லிக்டென்பெர்க் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1786-இலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதெல்லாம் தெரிந்திருந்தும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டு பக்க வினாத்தாளை ஒரே பக்கத்தில் அடக்க நினைத்து, பாதி என்றால் 50 தானே என்று 50 சதவீதத்தை அழுத்தி, முப்பது பிரதி எடுத்து முடித்தபின்தான் பார்த்தேன். தாளில் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கிறது, எழுத்து எறும்பு மாதிரி. 50 சதவீதம் என்றால் நீளமும் பாதி, அகலமும் பாதி, பரப்பில் அது கால் பங்கு. கணக்கு வாத்தியார்!

உங்கள் டிவிக்கு வருகிறேன், இதே கதைதான். கடையில் சொல்லும் 43, 55 எல்லாம் மூலைவிட்டத்தின் நீளம், திரையின் பரப்பு இல்லை. உருவம் 16:9 என்று ஒன்றாகவே இருக்கிறது என்றால் மூலைவிட்டம் எத்தனை மடங்கோ அகலமும் உயரமும் அத்தனை மடங்கு. 55-ஐ 43-ஆல் வகுத்தால் 1.28, அதன் வர்க்கம் 1.64. அதாவது திரை 64 சதவீதம் பெரிது. அங்குலத்தில் சொன்னால் 43-இன் திரை சுமார் 37.5-க்கு 21, 55-இன் திரை சுமார் 48-க்கு 27. முதலாவதன் பரப்பு கிட்டத்தட்ட 790 சதுர அங்குலம், இரண்டாவது 1,290-ஐத் தொடுகிறது. கால் பங்குக்குச் சற்று மேல் என்று நினைத்துச் சுவரில் இடம் விட்டீர்களானால் தப்பில்லை, ஏனென்றால் சுவரில் அகலத்துக்கு அவ்வளவுதான் கூடும். கண்ணுக்குத் தெரியும் படத்தின் பரப்பு அதைவிட ரொம்ப அதிகம். உருவம் மாறினால் இந்த வழி செல்லாது என்பதையும் ஞாபகம் வையுங்கள். பழைய டிவிகள் 4:3 உருவத்தில் இருந்தன, அதே மூலைவிட்டத்தில் 16:9 திரை எடுத்தால் பரப்பு சுமார் 11 சதவீதம் குறைவு.

ஏன் குறைகிறது? இது உங்கள் இரண்டாவது கேள்வியின் பக்கத்து வீட்டுக்காரன். சுற்றளவு மாறாவிட்டால் பரப்பளவும் மாறாது என்றீர்கள். ஒரு கயிற்றின் இரு முனைகளையும் முடிச்சுப் போட்டு 40 செ.மீ. வளையமாக்கி, நாலு விரலில் மாட்டிச் செவ்வகமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 10 × 10 ஆகப் பிடித்தால் உள்ளே 100. 12 × 8 ஆக இழுத்தால் 96. 15 × 5 என்றால் 75. 19 × 1 என்றால் 19 தான், கயிற்றில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. இன்னும் இழுத்து விரல்கள் ஒன்றை ஒன்று தொடப்போகும் நேரத்தில் உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. இதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது, அவளே கண்டுபிடிக்கட்டும். சதுரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நகர்ந்ததோ அதன் வர்க்கம்தான் இழப்பு. 12 × 8-இல் நகர்ந்தது 2, இழப்பு 4. 15 × 5-இல் நகர்ந்தது 5, இழப்பு 25. நகர்வு எந்தப் பக்கம் இருந்தாலும் வர்க்கம் சுழிக்குக் கீழே போகாது, அதனால் ஒரே சுற்றளவில் சதுரத்தை மிஞ்சிய செவ்வகம் கிடையாது. அந்த 12 × 8 எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 10-ஐ 20 சதவீதம் கூட்டியது, 10-ஐ 20 சதவீதம் குறைத்தது. சதுரத்தில் தொடங்கினால் உங்கள் முதல் கேள்வியும் இரண்டாவது கேள்வியும் ஒன்றே.

நம் 20 × 10 தாளில் இன்னும் வேடிக்கை. வெட்டுவதற்கு முன் சுற்றளவு 60, வெட்டி ஒட்டியபின் 24 × 8, சுற்றளவு 64. சுற்றளவு கூடியிருக்கிறது, பரப்பளவு குறைந்திருக்கிறது. இதில் ஏமாந்தவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் 2-ஆம் நூற்றாண்டிலேயே பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர், ஊர்களின் பெருமையை மதிலின் சுற்றளவை வைத்து அளக்கிறார்களே என்று அலுத்துக்கொள்கிறார். மெகலோபோலிஸின் சுற்றளவு 50 ஸ்டேடியம் (அந்தக் காலத்துக் கிரேக்க நீள அளவு), ஸ்பார்ட்டாவுக்கு 48 தான், ஆனால் ஸ்பார்ட்டா அதைப்போல இரண்டு மடங்கு பெரிது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் படித்த வடிவியலை மறந்துவிட்டதுதான் காரணம் என்பது அவர் தீர்ப்பு. திட்டு நம்மேலும் விழுகிறது.

திருப்பிப் போட்டாலும் இதேதான். பரப்பளவை 36-இல் நிறுத்திவிட்டுப் பக்கங்களை மாற்றினால், 6 × 6-க்குச் சுற்றளவு 24, 9 × 4-க்கு 26, 36 × 1-க்கு 74, அகலத்தைப் பத்தில் ஒன்றாக்கி நீளத்தை 360 ஆக்கினால் சுற்றளவு 720-ஐத் தாண்டும். மேலே போவதற்கு எல்லையே இல்லை.

அவளுக்குச் சொல்லும்போது ஒன்று மட்டும் செய்யாதீர்கள், முதலிலேயே விடையைச் சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு வரும் என்று அவளை ஊகிக்கச் சொல்லி, ஊகத்தைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். நீங்களும் ஒன்று எழுதி வையுங்கள், அப்பாவும் தப்பாக எழுதியிருக்கிறார் என்று தெரிந்தால் அவளுக்கு உற்சாகம் இரட்டிப்பாகும் (இதில் மூலைத் துண்டு கணக்கெல்லாம் கிடையாது).

இன்றைக்குச் சாயங்காலமே தொடங்குவதானால் இந்தக் கேள்வியோடு தொடங்குங்கள். நீளத்தை 25 சதவீதம் கூட்டியாயிற்று, பரப்பளவு மாறவே கூடாது, அகலத்தை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும்? 25 என்று அவள் சொல்ல மாட்டாள், நீங்கள் இந்நேரம் மனசுக்குள் சொல்லியிருப்பீர்கள். அதே 20 × 10 தாளை எடுங்கள். 5 செ.மீ. பட்டை ஒட்டினால் 50 கூடும், தாள் இப்போது 25 செ.மீ. நீளம். மேலே 2 செ.மீ. மட்டும் வெட்டுங்கள், 25 × 2, அந்த 50 அப்படியே போய்விடும். 10-இல் 2, ஆக விடை 20 சதவீதம்.